நீரோடு போகிற உயிர்

மொன்றியல் தீவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். அந்தக் கரையை உரசிக்கொண்டு ஓடும் பிரெரி ஆற்றின் பாய்ச்சல் ஒன்றில், 1625ஆம் ஆண்டு, நிக்கோலா வியெல் என்ற பிரெஞ்சுத் துறவி மூழ்கி இறந்தார். ஹூரன் மக்களின் நாட்டிலிருந்து கியூபெக்கை நோக்கித் தோணியில் வந்துகொண்டிருந்தவர் அவர். உடன் வந்த அஹுன்ட்சிக் என்பவரும் அதே பாய்ச்சலில் போய்விட்டார். துறவி ரெக்கொலே சபையைச் சேர்ந்தவர் என்பதால் அந்த இடத்துக்கு ஸோ-ஓ-ரெக்கொலே என்று பெயர் நிலைத்தது. அஹுன்ட்சிக்கின் பெயரை இன்று ஒரு வட்டாரமே தாங்கி நிற்கிறது.

துறவியை நீரில் தள்ளிக் கொன்றார்கள், ஆகவே அவர் வேதசாட்சி என்று திருச்சபை மரபு நெடுங்காலம் சொல்லிவந்தது. தோணி கவிழ்ந்த வெறும் விபத்தாகவும் இருக்கலாம் என்கிறார்கள் பின்வந்த வரலாற்றாசிரியர்கள். கொன்றது மனிதக் கையா, ஆற்றின் வேகமா என்று 400 ஆண்டுகள் கழித்தும் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தப் பாய்ச்சலின் பெரும்பகுதியும் இப்போது இல்லை. 1920களின் கடைசியில் எழுந்த நீர்மின் நிலையத்தின் அணை அதை விழுங்கிவிட்டது.

ஓர் உயிருக்கு நடப்பதில் எவ்வளவு அதன் செயல், எவ்வளவு அதைச் சுமந்து செல்லும் நீரின் செயல்? சமயவாதிகள் காலங்காலமாக மோதிக்கொண்ட இந்தக் கேள்வியை இன்று கணினி விளையாட்டு வடிவமைப்பவர்களும் எதிர்கொள்கிறார்கள். மொன்றியல் அதைப் பேசப் பொருத்தமான ஊர். 1997இல் யூபிசாஃப்ட் இங்கே கிளை திறந்த பிறகு, உலகில் விளையாட்டு மென்பொருள் செய்யும் பெரிய நகரங்களில் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது.

பரிணாமத்தை விளையாட்டாக்கும் முயற்சிகளில் பலருக்கும் தெரிந்தது 2008இல் வந்த ஸ்போர். அதன் முதல் கட்டத்தில் ஒரு சின்னஞ்சிறு உயிரி நீரில் நீந்தித் திரியும். தின்னும், தப்பும், வளரும். அதைப் பார்த்து, அறிவியலுக்கு இன்னும் நெருக்கமாக ஒன்றைச் செய்வோம் என்று தன்னார்வலர்கள் கூடி எழுதிவருவது த்ரைவ். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கடலடி வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செல்லாக ஆட்டம் தொடங்கும். குளுக்கோஸ் மேகங்களைத் தேடித் தின்ன வேண்டும். வேண்டிய சத்துகள் போதிய அளவு சேர்ந்ததும் இனம் பெருக்கலாம். அப்போது உடம்பை மாற்றியமைக்க ஒரு பட்டறை திறக்கும். விசையை அழுத்தினால் செல் அந்தத் திசையில் போகும். நீந்த உதவும் வால் போன்ற கசையிழை ஒன்றுகூட இல்லாத செல்லும் போகும்.

அங்கேதான் சிக்கல். உலகக் கடல்களில் எண்ணிக்கையில் மிகுந்த உயிர்கள் நீந்துவதே இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் தொகையில் முதலிடம் புரோக்ளோரோகாக்கஸுக்கு. 1980களின் பிற்பாதியில் சாலி சிசோமும் ராபர்ட் ஓல்சனும் கண்டுபிடித்த அந்த நுண்ணுயிருக்குக் கசையிழை கிடையாது. தண்ணீர் போகிற இடத்துக்கு அதுவும் போகிறது. பூமியின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செய்யும் டயாட்டங்கள் என்ற ஒற்றைச் செல் பாசிகளில், திறந்த நீரில் மிதப்பவையும் அப்படித்தான். நீந்துகிறவனே வாழ்கிறான் என்று ஒரு விளையாட்டு காட்டுமானால், பூமியின் ஒளிச்சேர்க்கையில் கணிசமான பங்கைச் செய்கிறவர்களை அது கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறது.

சரி, மிதந்து மட்டுமே போகும் ஒரு செல்லை ஆட்டத்தில் வைப்பது எப்படி? விசைகளைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். செய்து பார்த்தால் விஷயம் எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

முதலில் நீர். திரையில் ஓர் ஓட்டத்தை உண்டாக்க வேண்டும். அது சுழிகளாகவே இருக்க வேண்டும். எந்த இடத்திலும் நீர் புதிதாய் ஊறவும் கூடாது, காணாமல் போகவும் கூடாது. இந்தக் கணக்கில் பிசகினால் சிறிது நேரத்திலேயே எல்லா உயிர்களும் ஏதோ ஒரு மூலையில் குவிந்துவிடும். அடுத்தது நடுக்கம். 1827இல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்ட, 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கில் விளக்கிய அந்த ஓயாத நடுக்கம், சிறிய உடம்புக்கு அதிகம், பெரியதற்குக் குறைவு. அதற்கென்று ஒரு விசித்திரக் கணக்கும் உண்டு: பத்து மடங்கு தூரம் போக நூறு மடங்கு நேரம் ஆகும். மூன்றாவது, உருவத்தின் அளவில் நீர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1970களில் போட்ட கணக்கு இது: நொடிக்கு 30 மைக்ரான் வேகத்தில் நீந்தும் பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் நின்றுவிடும். பாகில் விழுந்த எறும்பைப் போன்ற நிலை அது. விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் செல் வழுக்கிக்கொண்டே போவதாகக் காட்டும் விளையாட்டுகள், மீனுக்குரிய உலகத்தை நுண்ணுயிருக்குக் கொடுத்துவிடுகின்றன.

நான்காவதுதான் மிகக் கடினம்: உணவு. உயிரும் உணவு மேகமும் ஒரே நீரில், ஒரே வேகத்தில் போனால் ஒன்றையொன்று எட்டவே எட்டாது. மிதக்கிற செல், தன்னைச் சுற்றியுள்ள நீரைத் தின்று தீர்த்துவிட்டு, அதே வெற்று நீருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். இயற்கையில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடம்பு மிகச் சிறியதாக இருப்பது. அப்போது சத்து தானாகப் பரவி வந்தே போதும். புரோக்ளோரோகாக்கஸ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, மெல்ல மூழ்குவது. மூழ்கும்போது புது நீர் உடம்பை உரசிக்கொண்டு போகும். ஆனால் மிகுதியாக மூழ்கினால் வெளிச்சம் போய்விடும்.

டயாட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறது. குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் பரவலாகக் காணப்படும் ஆஸ்டெரியோனெல்லாவை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்: நீண்ட மெல்லிய செல்கள், பெரும்பாலும் எட்டு, ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு நட்சத்திரமாக விரிந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. ஓடு நீரைவிடக் கனமானது, எனவே மூழ்கியே ஆக வேண்டும். நட்சத்திர விரிவு அந்த மூழ்கலைத் தாமதப்படுத்துகிறது. இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. செத்த டயாட்டம், உயிருள்ள டயாட்டத்தைவிட வேகமாக மூழ்கும். உருவம் அதேதான், ஓடும் அதேதான். உயிர் இருக்கும்வரை அது தன் மூழ்கலைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா மிதப்பதாகத் தெரிவது, உள்ளே ஓயாத உழைப்பு.

நீரோடு போகும் உயிரைப் பற்றித் தமிழில் இருக்கும் மிகப் பழைய சிந்தனைகளில் ஒன்று கணியன் பூங்குன்றனாருடையது. புறநானூற்றின் 192ஆம் பாட்டு. அதன் முதல் வரியை மேடைதோறும் முழங்குகிறார்கள், ஐக்கிய நாடுகள் அவையிலும் சொல்லியாயிற்று. பாட்டின் நடுவில் இருப்பதோ முழக்கத்துக்கு ஒத்துவராத ஒன்று: மழை பொழிந்து, கல்லில் மோதி இரையும் பேராறு, அதன் போக்கில் அடித்துச் செல்லப்படும் புணை, அதைப்போல உயிரும் முறையின் வழியே போகிறது என்ற தெளிவு. அணை வருவதற்கு முந்தைய ஸோ-ஓ-ரெக்கொலேயைப் பார்த்து எழுதியதோ என்று நினைக்கும்படியான ஆறு அது.

அந்தப் பாட்டில் துடுப்பைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் புணை தானாக உண்டாவதில்லை. யாரோ மரத்தைத் தேர்ந்து, அடுக்கி, பிணைத்திருக்க வேண்டும். ஆற்றை எதிர்க்காமல், ஆற்றில் அழியாமல் போவதற்கென்றே செய்த பொருள் அது. ஆஸ்டெரியோனெல்லாவின் நட்சத்திரத்தைப் புணையென்று சொன்னால் பூங்குன்றனார் மறுக்க மாட்டார்.

நீர் கொண்டுபோகிறது என்ற எண்ணத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஆசீவகர்கள். மற்கலி கோசாலர், புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர். முயற்சி என்று ஒன்று இல்லை, வீரியம் என்று ஒன்று இல்லை, எல்லாம் நியதி என்றார். எறிந்த நூல் உருண்டை நூல் தீரும்வரை பிரிந்து ஓடுவதைப்போல், மூடரும் அறிஞரும் ஒரே மாதிரி 84 லட்சம் மகாகல்பம் சுழன்று பிறகு ஓய்வார்கள் என்பது அவர் கொள்கையாகப் பௌத்த நூல்கள் தருவது. தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் ஆசீவகரின் வாதத்தை எடுத்துச் சொல்கின்றன; மணிமேகலையில் வரும் ஆசீவகர் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களோடு உயிரையும் ஓர் அணுவாகவே எண்ணுகிறார். எதிராளிகள் எழுதிவைத்ததன் வழியாகவே பெரும்பாலும் இன்று அவர்களை அறிய முடிகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் அந்தக் கொள்கையில் பதில் கிடைக்காத ஓர் இடம் உண்டு: செத்த டயாட்டமும் உயிருள்ள டயாட்டமும் ஒரே வேகத்தில் மூழ்குவதில்லையே, ஏன்? எல்லாம் நீர்தான் என்றால் அந்த வேறுபாட்டுக்கு இடமே இருக்கக் கூடாது.

வள்ளுவர் இரண்டையும் வைத்திருக்கிறார். ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று 38ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்று 62ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். உரையாசிரியர்கள் இதை இணக்கிவைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இணக்காமல் விட்டதே வள்ளுவரின் நேர்மை என்று கொள்ளலாம். ஒரே மனிதன் ஒரே நாளில் இரண்டையும் உண்மையென்று உணர்வதுண்டு.

அப்படிப்பட்ட நாட்கள் கனடாத் தமிழருக்குத் தெரியும். 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகள் நெருக்கியடித்த மனிதர்களோடு மிதந்துகொண்டிருந்தன. உள்ளே 155 ஈழத்தமிழர்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல், அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டார். மற்ற படகுகளும் வந்து சேர்ந்தன. எல்லோரும் உயிரோடு கரையேறினார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். படகில் வந்த அகதிகளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று பிரதமர் பிரையன் மல்ரோனி சொன்னார். எங்கிருந்து வந்தோம் என்று உண்மையைச் சொல்லவில்லையே என்று நாட்டில் ஒரு சாரார் கொதித்தார்கள்.

கப்பலேறியது அவர்கள் எடுத்த முடிவு. நாட்டைவிட்டு ஓடவைத்த வன்முறை அவர்கள் எடுத்த முடிவல்ல. மூடுபனிக்குள் படகு எந்தப் பக்கம் போயிற்று என்பது கடலின் வேலை. அந்தப் பக்கம் ஒரு மீனவர் வந்தது யாருடைய வேலை? கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் ஒரு பதில் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஊழா முயற்சியா என்று அந்தப் படகில் இருந்தவரிடம் போய்க் கேட்பவர், வாழ்க்கையைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு நுட்பமான சட்டகம் தருகிறது. வினை சடப்பொருள், தானே வந்து பலன் தராது. உயிருக்கு விழைவும் அறிவும் செயலும் உண்டு, ஆனால் ஆணவம் மறைத்திருப்பதால் தானாக இயங்க முடியாது. ஆகவே இறைவன் நான்கைக் கூட்டித் தருகிறான்: தனு, கரணம், புவனம், போகம். அதாவது உடம்பு, கருவிகள், உலகம், நுகர்வு. இந்த நான்கும் கிடைத்த பிறகுதான் உயிர் சிறிதளவாவது விழிக்கிறது. நுண்ணுயிர் விளையாட்டு ஒன்றை வடிவமைப்பவரும் செல்லின் உடலை, உள்ளுறுப்புகளை, அது வாழும் நீரை, அது தின்னும் மேகத்தை என்று ஏறத்தாழ இதே நான்கைத்தான் வரிசையாக எழுத வேண்டியிருக்கிறது. வடிவமைப்பாளர் கடவுள் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு அருள் கிடையாது, வேலைநேரம்தான் உண்டு. ஆனால் செயல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சித்தாந்தம் தரும் பதில் அவருக்கு உதவும். போகும் திசையைப் புவனம் தீர்மானிக்கட்டும். தனுவையும் கரணத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்பதில் உயிரின் பங்கு இருக்கட்டும்.

மொன்றியல் தீவின் மேற்கே டொலார்-தெ-ஓர்மோவில் உள்ள திருமுருகன் கோயில் போன்ற இடங்களில் ஒலிக்கும் சிவபுராணத்தில், மாணிக்கவாசகர் புல்லில் தொடங்கித் தேவர்வரை பிறவிகளை அடுக்குகிறார். பரிணாம விளையாட்டுகளின் வரிசையும் மேலோட்டமாக அப்படித்தான் தெரியும்: செல், விலங்கு, கூட்டம், நகரம், விண்வெளி. ஆனால் விளையாட்டில் அது ஏறிப்போகும் ஏணி, கீழ்ப்படி கடந்துபோக மட்டுமே. மாணிக்கவாசகருக்கோ எல்லாப் பிறப்பும் சம அளவில் இளைப்புத் தருவது. தேவராவதும் அந்தக் களைப்பில்தான் அடங்குகிறது. சமணர்கள் இன்னொரு பக்கமாக இதைத் தொட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்கள் ஒரே உடம்பை எண்ணற்றவையாகப் பகிர்ந்து, மூச்சுவிடும் நேரத்துக்குள் பலமுறை பிறந்து இறப்பதாகச் சொன்னார்கள். செய்யக்கூடியது ஏதுமற்ற உயிர்கள் அவை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு முழு ஆன்மா. நீரை வடிகட்டிக் குடிக்கும் வழக்கம் சிற்றுயிர்மேல் அவர்கள் வைத்த அந்த மதிப்பிலிருந்து பிறந்தது.

திரும்ப அஹுன்ட்சிக்குக்கு வந்தால், அணையின் காலடியில் இந்தக் கேள்விக்கு ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏரி ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன் இளவேனிலில் அங்கே கூடி முட்டையிடுகிறது. பெண் மீன் முதன்முறை முட்டையிடவே 20 வயது தாண்டலாம்; ஆண்டுதோறும் இடுவதும் இல்லை. முட்டைகள் கல்லில் ஒட்டிக்கொள்ளும். 1996இல் கற்களைக் கொட்டி அந்த முட்டைப்படுகையை விரிவுபடுத்தினார்கள். பொரித்த குஞ்சு உடனே கிளம்பாது. கல் இடுக்கில் ஒளிந்துகொண்டு, மஞ்சட்கருப் பையில் உள்ளது தீரும் தறுவாய்வரை இருக்கும். பிறகு ஓர் இரவு, இருட்டிய பின், பிடியை விட்டு ஓட்டத்தில் ஏறிக்கொள்ளும். ஆராய்ச்சியாளர்கள் இரவில் ஓட்டத்துக்கு எதிராகக் கூம்பு வலைகளைக் கட்டிவைத்துத்தான் அவற்றை எண்ணுகிறார்கள். அந்த ஆற்றை எதிர்த்து நீந்தும் வலு அந்தக் குஞ்சுக்கு இல்லை. போகும் திசையும் வேகமும் ஆற்றினுடையவை. எப்போது விடுவது என்பது மட்டும் குஞ்சினுடையது. பகலில் கிளம்பினால் கண்ணுள்ள மீன்கள் தின்றுவிடும். இருட்டில் விடுவதில் தப்பிக்க வழி இருக்கிறது.

நுண்ணுயிர் விளையாட்டில் மிதக்கும் உயிருக்கு வேண்டிய விசை இதுதான்: திசை விசைகளுக்குப் பதில் ‘பிடி’ என்று ஒன்று, ‘விடு’ என்று ஒன்று. பிடித்தால் கல்லிலோ படிவிலோ ஒட்டிக்கொள்ளலாம். விட்டால் நீர் கொண்டுபோகும். இடையில் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வாயுப் பைகளால் மேலே எழும் நீலப்பச்சைப் பாசிகள் போலச் சில இனங்கள் வெளிச்சத்துக்கு ஏறட்டும். சில இரவில் கீழே இறங்கிச் சத்தெடுக்கட்டும். கையில் இவ்வளவே இருந்தாலும் ஆட்டக்காரருக்குச் சலிக்காது. எந்தச் சுழி எங்கே போகும் என்று படிக்கக் கற்றுக்கொள்வார், எத்தனையோ முறை தவறுவார், தன் உடம்பைப் பட்டறையில் திருத்திக்கொண்டு மறுபடி விடுவார்.

இதில் ஒரு கசப்பும் உண்டு, அதை மூடிமறைப்பது தவறு. ஒரு ஸ்டர்ஜன் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில். வளர்ந்து திரும்பி வருவது மிகச் சில. மிதவை வாழ்க்கையில் இழப்பு பெருமளவு. கடலில் படகுகளோடு போனவர்களின் கதைகளும் எல்லாம் நியூஃபவுண்ட்லாந்தில் முடியவில்லை. முறையின்படி போனது என்று மட்டும் சொல்லி அந்த இழப்பை யாரும் நியாயப்படுத்திவிட முடியாது. பூங்குன்றனாரும் நியாயப்படுத்தவில்லை. ஆறு கொண்டுபோகிறது என்று தெளிந்த அவர், அந்தத் தெளிவிலிருந்து எடுத்த முடிவு வேறு: பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. கரை சேர்ந்தவரின் திறமைக்கு மட்டும் பரிசு தருவது, சேராதவரின் குறையென்று சொல்வது, இரண்டையும் அவர் ஒதுக்கிவிடுகிறார்.

விளையாட்டில் இதை எண்ணாகவே எழுத முடியும். த்ரைவில், ஆட்டக்காரர் பார்க்காத மற்ற இனங்களின் தொகையைப் பின்னணியில் ஒரு நிரல் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கணக்கில் நீந்தும் வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பதோடு நில்லாமல், மூழ்கும் வேகம், உடம்பின் சிறுமை, ஒட்டும் திறன், விடும் நேரம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தால், கசையிழை இல்லாத இனங்கள் தாமாகவே பெருகிக் கடலை நிரப்பும், உண்மைக் கடலில் இருப்பதைப்போல. மூலநிரல் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். மொன்றியலில் நிரல் எழுதத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் குறைவில்லை.